முன்பக்கம் திரும்பாத காருக்குப் பின்பக்கத்தில் வைத்தியம்

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாகிவிட்டது. முன் டயர் இரண்டும் கீச்சிடுகின்றன. கார் மட்டும் திரும்பாமல் போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போய், ஓர் ஆரஞ்சு கோனை அடியில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் என்னுடைய முதல் ஆட்டோகிராஸ் ஓட்டம் இந்த லட்சணத்தில்தான் முடிந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும், 227 குதிரைத்திறன், டர்போ. பனி விழுந்த சாலையில் மலைபோல் நம்பி ஓட்டிய வண்டி, காய்ந்த தார்த் தரையில் ஒரு யு-டர்ன் அடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

முன்பக்கம்தானே திரும்பவில்லை, முன்பக்கத்தில் ஏதாவது செய்வோம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். முன்னால் தடித்த பார் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி), முன்னால் கெட்டி ஸ்பிரிங். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரும்பாலும் இது நோயைக் கூட்டும். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் காரின் எடை எங்கே போகிறது என்று ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்தால் நிறைய காசு மிச்சமாகும்.

ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஐரோப்பாவில் இந்தப் பெயர் மண் பாதையில் ஓடும் பந்தயத்தைக் குறிக்கும். அமெரிக்காவில் அது வேறு. ஸ்டேடியத்தின் கார் நிறுத்துமிடம், பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளம் மாதிரி ஒரு பெரிய வெற்றிடத்தில் கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். ஒவ்வொரு காராக உள்ளே விட்டு நேரம் எடுப்பார்கள். ஒரு சுற்று முக்கால் நிமிடம், கூடிப்போனால் ஒரு நிமிடம். பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு கோனைச் சுற்றியும் தரையில் ஒரு கட்டம் வரைந்திருக்கும். கோன் சாய்ந்தாலோ, கட்டத்தை விட்டு முழுதாக வெளியே போனாலோ 2 விநாடி அபராதம். கட்டத்தைத் தொட்டபடி நிமிர்ந்து நின்றால் தப்பித்தீர்கள். எஸ்சிசிஏ என்ற கார் கழகம் 1973-லிருந்து இதில் தேசியப் போட்டி நடத்துகிறது. 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் நடக்கிறது, ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஓட்டாத நேரத்தில் வெயிலில் நின்று, மற்றவர்கள் தட்டிவிட்ட கோனை ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பதும் நம் வேலைதான். சொல்லப்போனால் அடுத்தவர் கார் எப்படித் திரும்புகிறது, எப்படித் திரும்பவில்லை என்று பார்த்துக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

500 கிலோ எங்கே போகிறது

சுபாருவின் பாக்ஸர் இன்ஜின் முன் அச்சுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதன் பரம எதிரியான மிட்சுபிஷி லான்சர் எவொல்யூஷனில், சுருக்கமாக எவோவில், இன்ஜின் குறுக்குவாட்டில் இருந்தாலும் அதுவும் மூக்கில்தான். இரண்டிலும் மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன் டயர்கள் மேல் விழுகிறது. அந்த டயர்கள்தான் காரைத் திருப்ப வேண்டும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரத்தைத் தாங்க வேண்டும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுக்கவும் வேண்டும். டயரின் பிடி மாதச் சம்பளம் மாதிரி. வாடகைக்குப் போனது போக மிச்சம் இருப்பதுதான் மளிகைக்கு. பிரேக்குக்கும் இழுப்புக்கும் செலவழித்த பிடி திருப்புவதற்குக் கிடைக்காது.

இன்னொரு விஷயம் டயருக்கு உண்டு. ஒரு சுமைதூக்கி 50 கிலோ மூட்டையை ஒரே மூச்சில் மாடிக்கு ஏற்றிவிடுவார். அவர் தலையிலேயே 100 கிலோவை வைத்தால் வேலை இரண்டு மடங்கு நடக்காது, இடையில் இரண்டு முறை இறக்கி வைப்பார். டயரும் அப்படியே. அதன் மேல் எடை கூடினால் பிடியும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஆகவே ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் சுமையைச் சமமாகப் பகிர்ந்தால் கிடைக்கும் மொத்தப் பிடி, ஒன்று நிறையவும் மற்றது கொஞ்சமாகவும் சுமக்கும்போது கிடைப்பதைவிட அதிகம். சஸ்பென்ஷன் வேலையில் பாதி இந்த ஒரே உண்மையை வைத்துத்தான் நடக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. ஓட்டுநரோடு 1,500 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 900, பின்னால் 600. எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர். நல்ல டயரில் 1 ஜி அளவுக்கு, அதாவது காரின் எடைக்குச் சமமான, பக்கவாட்டு விசையோடு ஒரு வளைவு எடுக்கிறோம். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை: 1,500-ஐ 0.5-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 500 கிலோ.

இந்த 500-ஐ ஸ்பிரிங்கோ பாரோ குறைக்காது. எடை, மையத்தின் உயரம், சக்கர அகலம், வளைவின் வேகம் இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. கெட்டியான ஸ்பிரிங் போட்டால் எடை மாறுவது குறையும் என்று பலர் நம்புகிறார்கள். குறைவது பாடி சாய்வது மட்டுமே. எடை போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் அந்த 500-ஐ முன் அச்சும் பின் அச்சும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது நம் கையில் இருக்கிறது. எந்தப் பக்கம் கெட்டியோ அந்தப் பக்கம் அதிகப் பங்கு. முன்பக்கம் 300, பின்பக்கம் 200 என்று வைத்துக்கொண்டால், முன்னால் வெளி டயரில் 750 கிலோ, உள் டயரில் 150. பின்னால் வெளியே 500, உள்ளே 100. முன் ஜோடிக்கு நடுவே இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பாருங்கள். ஒரு சுமைதூக்கி முதுகு ஒடியத் தூக்குகிறார், பக்கத்தில் இருப்பவர் வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்கிறார். முன்பக்கம் வழுக்குவதில் ஆச்சரியம் என்ன?

இப்போது பின்பக்கத்தைக் கெட்டியாக்கி, பங்கை 240-க்கு 260 என்று மாற்றினால் முன் வெளி டயர் 690, உள் டயர் 210. முன் ஜோடியின் சுமை கொஞ்சம் சமமாகிவிட்டது, பிடி கூடிவிட்டது. பின் ஜோடியில் வெளியே 560, உள்ளே 40. அங்கே பிடி குறைந்தது. முன்பக்கம் பிடிக்கிறது, பின்பக்கம் லேசாக விட்டுக்கொடுக்கிறது, கார் திரும்புகிறது. முன்பக்கத்தில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

காசு இல்லாமல் செய்யக்கூடியவை

இதைப் படித்துவிட்டு உடனே பின் பாரை ஆர்டர் செய்யாதீர்கள். முதலில் டயரின் காற்று.

காலணிக்குப் போடும் வெள்ளைத் திரவ பாலிஷை ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். டயரின் ஓடுபரப்பு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பில், மூன்று நான்கு இடத்தில், உள்ளும் வெளியுமாக விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து குனிந்து பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் தரையில் உரசியிருக்கிறது. பல டயர்களின் தோளில் ஒரு சின்ன முக்கோணக் குறி அச்சிட்டிருக்கும். அழிவு அந்த முக்கோணத்தின் நுனியோடு நின்றால் நல்லது. அதைத் தாண்டிப் பக்கச்சுவரில் இறங்கியிருந்தால் டயர் மடங்கிப் படுக்கிறது, காற்று போதவில்லை. நுனிக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம், டயரின் முழு அகலமும் வேலை செய்யவில்லை. ட்ரெட்வேர் (தேய்மானக் குறியீடு) 200 என்று குறியிட்ட டயர்களில் முன்னால் 36, பின்னால் 34 பிஎஸ்ஐ என்று தொடங்கி ஒன்றொன்றாக மாற்றிப் பார்க்கலாம். பின்பக்கம் இன்னும் கொஞ்சம் நழுவ வேண்டும் என்றால் பின் டயரில் 2, 3 பிஎஸ்ஐ கூட்டிப் பார்ப்பது காசில்லாத தந்திரம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து பாருங்கள், டயர் சூடாகும்போது காற்றழுத்தம் தானாக ஏறியிருக்கும்.

அப்புறம் கேம்பர். காரை முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். டபிள்யூஆர்எக்ஸ், எவோ இரண்டிலும் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. இந்த அமைப்பில் பாடி சாயும்போது சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்கிறது. ஸ்ட்ரட் கொஞ்சம்தான் ஈடுகட்டும். பாடி 3 டிகிரி சாய்ந்து அதில் 1 டிகிரியை ஸ்ட்ரட் சரிக்கட்டினால்கூட, நின்றிருக்கும்போது அரை டிகிரி நெகட்டிவ் வைத்த வெளிச் சக்கரம் வளைவுக்கு நடுவே ஒன்றரை டிகிரி பாசிட்டிவில் நிற்கும். அதாவது டயர் தன் வெளித் தோளில் நொண்டுகிறது. பாலிஷ் கோடு பக்கச்சுவர்வரை அழிவதற்குக் காற்று மட்டுமே காரணமில்லை, இதுவும்தான்.

சுபாருவின் முன் ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு இணைக்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட் மையம் விலகிய வடிவில் இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரத்தின் தலை உள்ளே போகும். கம்பெனி பொருத்திய போல்ட்டிலேயே 1 டிகிரிக்கு மேல் நெகட்டிவ் கிடைத்துவிடுவது உண்டு. இதற்கு மேல் வேண்டும் என்றால் ஸ்ட்ரட்டின் உச்சியில் கேம்பர் பிளேட் போட வேண்டும். அது போட்டவர்கள் முன்னால் இரண்டரை முதல் மூன்றரை டிகிரி நெகட்டிவ் வரை போகிறார்கள். பின்னால் அதைவிட ஒரு டிகிரி குறைவாக வைப்பது வழக்கம். பின்பக்கம் கொஞ்சம் குறைவாகப் பிடிப்பதுதானே நமக்கு வேண்டியது.

கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதுதான் டோ. ஒரு அலைன்மென்ட் கடையில் எனக்குக் கேம்பரை அழகாக இரண்டு டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு டோவைப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். நானும் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு முன் டயரின் உள்விளிம்பிலும் கம்பி தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புத்தம்புதிது. டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான், பழி மட்டும் கேம்பர் மேல் விழும். முன்னால் சைபர், அல்லது மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டர் வெளி டோ வைத்தால் ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டதும் மூக்கு துள்ளும். பின்னால் சைபர் போதும். பின்னால் வெளி டோ வைத்துப் பார்க்கும் துணிச்சல்காரர்கள் உண்டு. அந்தக் காரில் ஈரச் சாலையில் வீட்டுக்குப் போக நான் தயாரில்லை.

பின் பார்

ஸ்டெபிலைசர் பார் என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும், யு வடிவில் வளைத்த ஓர் இரும்புக் கம்பி. நடுப்பகுதி ரப்பர் புஷ்ஷில் பாடியோடு நிற்கிறது, இரண்டு முனையும் லிங்க் ராடு வழியாகச் சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கப்படும், எதிர்க்கும். எனவே நேர்ச்சாலையில் குண்டு குழியில் ஏறக்குறைய இடைஞ்சல் தராமல், வளைவில் மட்டும் அந்த அச்சைக் கெட்டியாக்குகிறது.

முறுக்கை எதிர்க்கும் திறன் கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 22 போட்டால், பார்வைக்கு வித்தியாசம் ஒரு கடுகு அளவுதான், ஆனால் 46 சதவீதம் கெட்டியாகிவிடுகிறது. 24 போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். கடைக்காரர் "இன்னும் தடியாக இருக்கிறது சார்" என்று காட்டும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

நல்ல பார்களின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். லிங்க் ராடை நுனித் துளையில் மாட்டினால் நெம்புகை நீளம் அதிகம், பார் மெத்தென்று இருக்கும். உள்துளைக்குப் போகப் போகக் கெட்டி. முதல் நாள் நுனித் துளையில் தொடங்குங்கள். போட்டி நாளில் காரை ஜாக்கியில் ஏற்றி லிங்க் ராடை மாற்ற பதினைந்து நிமிடம் போதும். ஒரே பக்கத்தை மட்டும் தூக்கி மாற்ற முயன்றால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், போல்ட் துளையில் இறங்காது. பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் செய்தால் கையாலேயே நுழையும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் வேண்டாம், விரல் நகம் சாட்சி.

நான்கு சக்கர இழுவைக் காருக்குப் பின் பாரால் இன்னொரு லாபம். மேலே போட்ட கணக்கில் முன் உள் டயரின் சுமை 150-லிருந்து 210 ஆனதைக் கவனித்தீர்களா? சாதாரண டபிள்யூஆர்எக்ஸின் முன் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) திறந்த வகை. இலகுவாக இருக்கும் சக்கரம் சுழன்றால் சக்தி முழுக்க அதில் வீணாகும். வளைவிலிருந்து வெளியே வரும்போது முன் உள் டயர் சுழன்று புகைவது இந்தக் கார்களின் பழைய வியாதி. அதன் மேல் 60 கிலோ கூடுதலாக உட்கார்ந்தால் அது தரையைப் பிடித்து இழுக்கும்.

இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதே கணக்கில் பின் உள் டயரில் 40 கிலோதான் பாக்கி. பின்பக்கத்தின் பங்கு 300-ஐத் தொட்டால் அது சைபர், சக்கரம் அந்தரத்தில். மூன்று காலில் நிற்கும் கார் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் சக்கரம் தரையை விட்ட நொடியிலிருந்து பின் அச்சால் அதற்கு மேல் பங்கு எடுக்க முடியாது. மிச்சமெல்லாம் முன்னால்தான் போகும். அந்த இடத்துக்கு அப்புறம் பாரை இன்னும் கெட்டியாக்குவதில் பயன் இல்லை.

முன் பாரைக் கழற்றிவிட்டால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள், தர்க்கப்படி அதுவும் ஒன்றுதானே என்று. இந்தக் காரில் ஒன்றில்லை. முன்பக்கம் மெத்தென்று ஆனால் பாடி அதிகம் சாயும், ஸ்ட்ரட் கேம்பரை இழக்கும், வெளி டயர் தோளில் நொண்டும். பங்கில் கிடைத்த லாபத்தைக் கேம்பர் தின்றுவிடும். கேம்பர் மிகக் குறைவாக வைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கெட்டியான முன் பார்கூட நல்லது செய்துவிடுவது இதனால்தான். முன்பக்கத்தைக் கெட்டியாக்கினால் திரும்பாது என்று மேலே சொன்னேனே, அதற்கு இது விதிவிலக்கு. ஆட்டோகிராஸ் ஓட்டும் சுபாருக்காரர்கள் இரண்டு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்தால் இதைப் பற்றி விடியவிடியச் சண்டை போடுவார்கள்.

ஷாக்கும் ஸ்லாலமும்

நம் ஊர் பட்டறையில் ஷாக் அப்சர்வர் என்பார்கள். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய். ஸ்பிரிங்கும் பாரும் எடை கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று தீர்மானிக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் போகும் என்பது ஷாக்கின் வேலை. ரேஸ் டிராக்கில் நீண்ட வளைவுகள், கார் சாய்ந்து நிலைகொள்ள நேரம் உண்டு. ஆட்டோகிராஸில் அந்த நேரம் கிடையாது. ஸ்லாலமில், அதாவது வரிசையாக நிற்கும் கோன்களுக்கு நடுவே இடமும் வலமுமாக வளைந்து போகும் பகுதியில், 20 மீட்டருக்கு ஒரு கோன் இருக்கிறது, நாம் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறோம் என்றால் 1.2 விநாடிக்கு ஒரு கோன். ஒவ்வொரு கோனுக்கும் அந்த 500 கிலோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட வேண்டும். ஷாக் தளர்ந்திருந்தால் முதல் கோனின் ஆட்டம் அடங்குவதற்குள் இரண்டாம் கோன் வந்துவிடும், மூன்றாவதில் கார் உங்களை ஓட்டும்.

அதனால் எந்தப் பிரிவில் ஓட்டினாலும் பெரிய செலவு செய்ய ஒன்றே ஒன்றுதான் அனுமதி என்றால் நான் ஷாக்கைத்தான் சொல்வேன். டயருக்கு அடுத்து. ஒற்றைத் திருகு உள்ள ஷாக் பெரும்பாலும் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஸ்பிரிங் நிமிரும் வேகத்தை, மாற்றும். திருகை மெதுவாக முழுக் கெட்டிக்கு இறுக்கி, அங்கிருந்து எத்தனை சுற்று தளர்த்தினோம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. நுழையும்போது மூக்கு சோம்பலாக இருந்தால் பின் ரீபவுண்டைக் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். முழுக் கெட்டியில் வைத்து ஓட்டினால் பெரிய ரேஸ்காரர் மாதிரி இருக்கும். மேடு பள்ளத்தில் அமுங்கிய சக்கரம் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், கார் படிப்படியாகத் தரையோடு இழுக்கப்படும், கடைசியில் டயர் தத்தித் தத்தி ஓடும்.

ஸ்பிரிங்கைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: காரைத் தரையோடு ஒட்டிவிடாதீர்கள். மெக்ஃபெர்சன் அமைப்பில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் கை) சக்கரத்தை நோக்கிக் கீழே சரிந்திருக்கும்வரை, அமுங்கும்போது கொஞ்சமாவது நெகட்டிவ் கேம்பர் கிடைக்கும். காரை 50 மில்லிமீட்டர் இறக்கி அந்த ஆர்ம் மேல்நோக்கி நின்றுவிட்டால் அமுங்க அமுங்கக் கேம்பர் போய்விடும். எடையின் மையம் இறங்கியதைவிட ரோல் சென்டர், அதாவது பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வேகமாக இறங்கும், இறக்கிய கார் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். போதாக்குறைக்கு, சஸ்பென்ஷன் அடியோடு அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். முட்டிய நொடியில் அந்த மூலை பாறை மாதிரி ஆகி, காரின் குணம் வளைவுக்கு நடுவே மாறும். சந்தேகம் இருந்தால் ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு பிளாஸ்டிக் ஜிப் டையை இறுக்கி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 20, 25 மில்லிமீட்டர் இறக்கினால் பெரும்பாலும் போதும்.

எதையும் வாங்குவதற்கு முன் எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எஸ்சிசிஏயின் ஸ்ட்ரீட் பிரிவுகளில் ஷாக்கை மாற்றலாம், முன் பார் பின் பார் இரண்டில் ஒன்றை மாற்றலாம், ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. ஸ்ட்ரீட் டூரிங்கில் ஸ்பிரிங், கேம்பர் பிளேட் எல்லாம் போடலாம், ஆனால் எதிரில் நிற்பவர்களும் எல்லாம் போட்டிருப்பார்கள். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன, அந்த வருடப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு மாட்டிய இரண்டாயிரம் ரூபாய்ச் சாமான் உங்களை வேறு பிரிவுக்குத் தூக்கிப்போட்டுவிடும்.

நடு டிஃபரன்ஷியல், அப்புறம் வலது கால்

சஸ்பென்ஷன் எல்லாம் சரியாக வைத்தும் கார் முன்னால் வழுக்கினால் இரண்டு இடம் பாக்கி இருக்கிறது.

திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன, அதனால் வேகமாகச் சுழல வேண்டும். நடு டிஃபரன்ஷியல் இதை அனுமதிக்க வேண்டும். கியரை நாமே மாற்றும் டபிள்யூஆர்எக்ஸில் நடுவில் இருப்பது விஸ்கஸ் வகை: முன்னும் பின்னும் பாதிப்பாதி. இரண்டுக்கும் வேக வித்தியாசம் வந்தால் உள்ளே இருக்கும் சிலிகான் திரவம் இரண்டையும் பிணைக்கும். குறுகிய வளைவில் அந்தப் பிணைப்பே காரை நேராக இழுக்கப் பார்க்கும். அதில் நாம் மாற்ற ஒன்றுமில்லை. டபிள்யூஆர்எக்ஸின் எஸ்டிஐ மாடலில் ஓட்டுநரே ஒரு சின்னத் திருகுசக்கரத்தை விரலால் உருட்டி, நடு டிஃபரன்ஷியலை எவ்வளவு பூட்டலாம் என்று சொல்லும் டிசிசிடி உண்டு. அமெரிக்காவில் 2004-ல் வந்தபோது முன்னால் 35, பின்னால் 65 என்று சக்தியைப் பிரித்தது, 2006-லிருந்து 41-க்கு 59. ஆட்டோகிராஸில் திறந்த பக்கம் தொடங்கி, பின்பக்கம் மிகவும் அலைந்தால் ஒவ்வொரு படியாகப் பூட்டுங்கள். எவோவில் 2001-ல் ஏழாம் தலைமுறையோடு வந்த ஏசிடி இதையே கம்ப்யூட்டர் மூலம் செய்கிறது. தார், சரளை, பனி என்று மூன்று நிலை. காய்ந்த தரையில் தார் நிலைதான்.

இன்னொரு இடம் வலது கால். டர்போ மிதித்ததும் வராது, மிதித்துக் கொஞ்ச நேரம் கழித்து மொத்தமாக வரும். புதிதாக ஓட்டுபவர் வளைவின் நடுவே பொறுமையிழந்து அமுக்குகிறார், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் அமுக்குகிறார், கார் பாதி திரும்பியிருக்கும்போது முழு முறுக்குவிசையும் வந்து விழுகிறது. எடை பின்னால் சாய்கிறது, முன் டயர்கள் லேசாகின்றன, அதே நேரத்தில் இழுக்கவும் சொல்கிறோம். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒரே தேதியில். கார் நேராகப் போகாமல் என்ன செய்யும்? காரின் மூக்கு வளைவிலிருந்து வெளியேறும் பாதையை நோக்கித் திரும்பிய பிறகு மிதியுங்கள். பழகியவர்கள் வலது காலை ஆக்சிலரேட்டரில் லேசாக வைத்தபடியே இடது காலால் பிரேக்கைத் தொடுவார்கள். டர்போ சுழன்றுகொண்டே இருக்கும், எடை முன்னால் இருக்கும், மூக்கு உள்ளே வரும். இடது கால் கிளட்சை மிதித்துப் பழகிய கால் என்பதால் முதல் முயற்சியில் சீட் பெல்ட் மார்பில் பதியும் அளவுக்குப் பிரேக் விழும். காலி மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் கிடைப்பது நான்கைந்து ஓட்டம். முதல் ஓட்டத்தை விட்டுவிடுங்கள், அதில் பாதையைத்தான் கற்கிறீர்கள். அப்புறம் ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். காற்றும் ஷாக்கும் பாரும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு நேரம் அரை விநாடி குறைந்தால், எதனால் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. என் டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் இருக்கும் ஒரு வரி: "பின் பார் நடுத் துளை, பின் காற்று 37. யு-டர்னில் திரும்பியது. ஸ்லாலம் நான்காம் கோனில் வால் போய்விட்டது. காற்றை 35-க்கு இறக்கு." இறக்கினேன், வால் திரும்பி வந்தது. முதல் நாள் கோனை இழுத்துக்கொண்டு நின்ற மாதிரியான அதே யு-டர்னில் இந்த முறை உள் கோனுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி.

மாலையில் கார் வீட்டுக்கும் போக வேண்டும். பின் ஷாக்கை எண்ணி வைத்த சுற்றுக்குத் தளர்த்துங்கள், காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள், கையில் டார்க் ரெஞ்சை (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) எடுத்துச் சக்கர நட்டுகளையும் லிங்க் ராடு நட்டுகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டயரில் பாலிஷ் கோடு அப்படியே இருக்கட்டும், மழையில் போய்விடும்.